பிழை நாணயம் என்று படம் போடும் முன் விளிம்பைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பில், பிழையோடு அச்சான நாணயங்கள் லட்சக்கணக்கில் விலை போவதாக ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். மேலே பெரிதாக ஒரு படம். பழைய தடித்த ஐந்து ரூபாய் நாணயம், ஓரத்தில் ஒரு துண்டு இல்லாமல். நாணயச்சாலையிலேயே இப்படி வந்துவிட்டது என்று படத்துக்குக் கீழே எழுதியிருந்தது. அது அங்கிருந்து அப்படி வரவில்லை. வெளியே வந்த பிறகு யாரோ அரம் போட்டு ராவியிருக்கிறார்கள். படத்தை வைத்தே இதைச் சொல்ல முடியும், எப்படி என்பதை உங்கள் வாசகர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

நான் தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில், உலோகத் தகட்டை இயந்திரத்தில் அழுத்திப் பாகம் செய்யும் ஒரு பிரஸ் ஷாப்பில் டை ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டை என்றால் எஃகு அச்சு. தகட்டிலிருந்து வட்டு வெட்டும் டை, அதன் மேல் வடிவம் அழுத்தும் டை, இரண்டையும் செய்து பொருத்திப் பழகிய கை. அப்பா விட்டுப்போன ஒரு டப்பா நிறைய ஓட்டைக் காலணாக்களில் தொடங்கி, காசு சேர்க்கும் பழக்கமும் சின்ன வயதிலிருந்தே உண்டு. நாணயமும் பிரஸ்ஸில் அடிபட்டு வரும் ஒரு பாகம்தான். எந்த இடத்தில் என்ன தவறு நடந்தால் அந்தப் பாகம் எப்படி வெளியே வரும் என்பதை எங்கள் தொழிலில் இருந்த யாரும் சொல்லிவிடுவார்கள்.

நாணயம் உருவாகும் வழி இதுதான். நீளமான உலோகத் தகட்டிலிருந்து பஞ்ச் என்கிற வெட்டும் கருவி மூலம் வட்டுகளை வெட்டி எடுப்பார்கள். எங்கள் பேச்சில் அது பிளாங்க். அந்த பிளாங்கை ஓரத்தில் நெருக்கி உருட்டி, விளிம்பைச் சற்று உயர்த்துவார்கள். பிறகு சூடாக்கி மிருதுவாக்கி, கழுவிக் காயவைத்து, அச்சடிக்கும் பிரஸ்ஸுக்கு அனுப்புவார்கள். அங்கே மேலே ஒரு டை, கீழே ஒரு டை, சுற்றிலும் காலர் என்கிற எஃகு வளையம். ஒரே அடி. இரண்டு பக்கத்து வடிவமும் விளிம்பும் அந்த ஒரு நொடியில் உருவாகிவிடும். அந்த அடி முடிவதற்குள் நடந்த கோளாறு எதுவாக இருந்தாலும் அது பிழை. அடி முடிந்து காசு கீழே விழுந்த பிறகு அதற்கு நேர்ந்தது எல்லாம் சேதம். பிழைக்கு மதிப்பு உண்டு. சேதமானது ஐந்து ரூபாய் என்றால் ஐந்து ரூபாய்தான்.

இப்போது உங்கள் படத்துக்கு வருகிறேன். துண்டு குறைந்த நாணயம் நாணயச்சாலையிலிருந்தே வருவது உண்மைதான். தகடு சரியாக நகராமல் போனால், ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின் மேலேயே பஞ்ச் கொஞ்சம் ஏறி வெட்டும். அப்போது வட்டில் வளைவாக ஒரு துண்டு குறையும். தகட்டின் ஓரத்தில் வெட்டு விழுந்தால் நேர்கோடாகக் குறையும். ஆனால் இந்தக் குறை அச்சடிப்பதற்கு முன்பே இருக்கிறது, இல்லையா? குறைபட்ட அந்த வட்டுதான் விளிம்பு உயர்த்தும் இயந்திரத்துக்குள் போகிறது. அது இரண்டு பக்கமும் நெருக்கி உருட்டும் இயந்திரம். துண்டு இல்லாத இடம் வரும்போது ஒரு பக்கம் பிடிமானம் கிடைக்காது. ஆகவே அதற்கு நேர் எதிரே உள்ள விளிம்பிலும் அழுத்தம் விழாது. அதனால்தான் உண்மையான வெட்டுப் பிழையில், குறை இருக்கும் இடத்துக்கு நேர் எதிர்ப்புறம் விளிம்பு பெரும்பாலும் மங்கியோ தட்டையாகவோ இருக்கும். பிளேக்ஸ்லி விளைவு என்று நாணயம் படித்தவர்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எதிர்ப்பக்கத்தைப் பார்த்தால் போதும்.

அடுத்தது, குறைபாட்டை ஒட்டியிருக்கும் எழுத்துகள். அச்சடிக்கும்போது உலோகம் அழுத்தத்தில் நகரும். பக்கத்தில் வெற்றிடம் இருந்தால் அந்தப் பக்கமாக வழிந்து போகும். ஆகவே உண்மையான பிழையில் வெட்டுக்கு அருகே உள்ள எழுத்து மெலிந்து, சற்று இழுபட்டு, தேய்ந்தது போல முடியும். அச்சடித்த பிறகு ரம்பத்தாலோ அரத்தாலோ வெட்டினால் எழுத்து கடைசி வரை முழு உயரத்தில் நின்று, கத்தரித்தது போலச் சட்டென்று நிற்கும். உங்கள் படத்தில் எதிர்ப்புற விளிம்பு முழுதாக, தடிப்பாக இருக்கிறது. எழுத்து பாதியில் கூர்மையாக அறுபட்டு நிற்கிறது. வெட்டிய முகத்தில் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கோடுகள்கூட பத்திரிகையில் வந்த படத்திலேயே தெரிந்தன. அரம் பிடித்த யாருக்கும் அந்தக் கோடு தெரியும்.

இதைக் கோபத்தில் எழுதவில்லை. ஆனால் அந்தப் படத்தால் ஒரு விளைவு ஏற்பட்டிருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு பையன், பொறியியல் இரண்டாம் ஆண்டு. மகாத்மா காந்தி சாலை ஞாயிறு சந்தையில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை 2,500 ரூபாய் கொடுத்து வாங்கிவந்தான். நடுவில் உள்ள சிங்கம் சாய்ந்து நிற்கிறது, ஆகவே அரிய பிழை என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். அத்தாட்சியாக மடித்துக் காட்டியது உங்கள் கட்டுரையின் நறுக்கு. பையன் என்னிடம் கொண்டுவந்து, "தாத்தா, இது நல்லதுதானே?" என்று கேட்டான். தேர்வுக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணம் என்பதை அப்புறம்தான் சொன்னான்.

அந்தப் பத்து ரூபாய் நாணயத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பக்கத்தில் அதிகம் நடக்கும் ஏமாற்று இதுதான். பத்து ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர் விட்டம், 7.71 கிராம் எடை. வெளியே ஒரு வளையம், நடுவில் வேறு உலோகத்தில் ஒரு வட்டு. இரண்டும் தனித்தனியாகவே பிரஸ்ஸுக்கு வருகின்றன. அச்சடிக்கும் அந்த ஒரே அடியில்தான் நடுவட்டு விரிந்து வளையத்துக்குள் இறுகிப் பூட்டிக்கொள்கிறது. அதே அடியில்தான் சிங்கமும், வளையத்தில் உள்ள எழுத்துகளும் விழுகின்றன. சிங்கமும் அந்த எழுத்துகளும் ஒரே டையில் செதுக்கப்பட்டவை. ஆகவே வளையத்து எழுத்து நேராக இருக்க, சிங்கம் மட்டும் சாய்ந்து நிற்பதற்கு நாணயச்சாலையில் வழியே இல்லை. டை சுழன்றாலும் இரண்டும் சேர்ந்தேதான் சுழலும். சிங்கம் தனியாகச் சாய்ந்திருந்தால், நடுவட்டை யாரோ தட்டி வெளியே எடுத்துத் திருப்பிச் சொருகியிருக்கிறார்கள். பையனின் நாணயத்தை லூப் என்கிற உருப்பெருக்குக் கண்ணாடி வைத்துப் பார்த்தபோது இணைப்பைச் சுற்றி நசுங்கல் தடமும், ஒரு பக்கம் மயிரிழை இடைவெளியும் தெரிந்தன. நடுவட்டைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டு, ஒரே பக்கத்தில் இரண்டு முகமும் கலந்திருப்பதாக விற்பதும் இதே வேலைதான்.

இந்த வகையில் உண்மையான பிழை எப்படி இருக்கும் என்று கேட்கலாம். வளையத்தில் ஓட்டை போடும்போது அது நடுவில் விழாமல் ஒரு பக்கமாக விழுந்திருக்கும். அப்போது நடுவட்டு ஒரு பக்கம் ஒதுங்கி இருக்கும், ஆனால் வடிவம் மட்டும் நாணயத்தின் சரியான மையத்திலேயே இருக்கும். இரண்டு உலோகமும் சேரும் கோட்டை மதிக்காமல் கோடும் எழுத்தும் தொடர்ச்சியாக அதைத் தாண்டிப் போகும். உலோகம் இடம் மாறியிருக்கும், வடிவம் மாறாது. அப்படி ஒன்று கையில் கிடைத்தால் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அது அபூர்வம்.

பத்து ரூபாய் என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. கடலூர் பக்கம் கடைகளிலும் பேருந்துகளிலும் இந்த நாணயத்தை வாங்க மறுத்த காலம் ஒன்று இருந்தது. நாணயத்தில் மதிப்புக்கு மேலே உள்ள கதிர்க் கோடுகள் பத்து இருந்தால் நல்லது, பதினைந்து இருந்தால் போலி என்று ஒரு வதந்தி. 14 வகை வடிவமைப்பில் பத்து ரூபாய் நாணயங்கள் வெளிவந்துள்ளன, எல்லாமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிக்கையே கொடுத்தது. அன்றைக்கு நல்ல நாணயத்தைப் போலி என்று ஒதுக்கினோம். இன்றைக்கு அடிபட்ட நாணயத்தை அரியது என்று காசு கொடுத்து வாங்குகிறோம். கையில் உள்ள பொருளைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் இல்லாததுதான் இரண்டுக்கும் காரணம் என்று நினைக்கிறேன்.

மேடா பள்ளமா என்று பார்ப்பது இன்னொரு நல்ல சோதனை. டையில் விரிசல் விட்டால் அந்த விரிசலுக்குள் உலோகம் ஏறும். ஆகவே நாணயத்தில் அது மேடான கோடாக வரும். நகத்தால் தடவினால் தட்டும். டையின் ஓரம் உடைந்து விழுந்தால் அந்த இடத்தில் வடிவம் இல்லாமல் ஒரு திட்டு மேடாக எழும்பி நிற்கும், மறுபக்கத்தில் அதற்கு நேராக உள்ள பகுதியும் மங்கலாக இருக்கும். கீறல் என்பது பள்ளம். உலோகத்தைக் கிழித்துக்கொண்டு போயிருக்கும், இரண்டு கரையிலும் பிசிறு இருக்கும். ஆணியால் கீறியதை டை விரிசல் என்று விற்கிறார்கள். தொட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

எழுத்து காணாமல் போவதும் அப்படித்தான். டையின் பள்ளத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் தூளும் அடைத்துக்கொண்டால் அங்கே உலோகம் ஏறாது, எழுத்து மெல்ல மங்கி மறையும், சுற்றியுள்ள பரப்பு வழக்கமான தோற்றத்திலேயே இருக்கும். தேய்த்து அழித்திருந்தால் அந்த இடம் மட்டும் தனியாகப் பளபளக்கும், அல்லது சற்றுக் குழிந்திருக்கும். அமிலத்தில் ஊறப்போட்ட நாணயத்தில் எல்லா எழுத்தும் ஒரே சீராக மெலிந்திருக்கும், எடை குறைந்திருக்கும். நகைக்கடைத் தராசில் போட்டால் ஒரு நிமிட வேலை. 1992 முதல் வந்த பழைய எஃகு ஒரு ரூபாய் 4.85 கிராம், அந்தத் தடித்த ஐந்து ரூபாய் 9 கிராம். உலோகம் மாறி அச்சானது என்று யாராவது சொன்னால் காந்தத்தையும் காட்டிப் பாருங்கள். எஃகு ஒரு ரூபாய் ஒட்டும், தாமிர நிக்கலில் செய்த அந்த ஐந்து ரூபாய் ஒட்டாது.

ஒரு பக்கத்து வடிவமே மறுபக்கத்திலும் பள்ளமாக, கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறிப் பதிந்திருக்கும் நாணயம் உண்மையிலேயே மதிப்புள்ளது. அச்சான காசு ஒன்று வெளியே விழாமல் டையிலேயே ஒட்டிக்கொண்டு, அடுத்த பிளாங்கின் மேல் தானே டையாக விழுந்தால் இப்படி வரும். அங்கே வழக்கமாக இருக்க வேண்டிய வடிவம் அடியோடு இருக்காது. இரண்டு நாணயங்களை வைஸ் என்கிற இறுக்கும் பிடியில் வைத்து இறுக்கினாலும் பள்ளமான தடம் விழும். ஆனால் அடியில் பழைய வடிவமும் தெரியும், வைஸின் தாடை பட்ட மறுபக்கம் தட்டையாகியிருக்கும். திருப்பாதிரிப்புலியூரில் பையன்கள் தண்டவாளத்தில் வைத்து நசுக்கும் காசையும், தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் பச்சை ஏறி அரித்துக் கிடக்கும் காசையும்கூட பிழை என்று என்னிடம் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். அவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

பிழையே இல்லாத சில விஷயங்களையும் பிழை என்கிறார்கள். ஆண்டுக்குக் கீழே குறி எதுவும் இல்லாத நாணயம் என்று ஒருவர் பெருமையாக எடுத்துவந்தார். மும்பையில் அடித்தால் வைரக் குறி, ஹைதராபாத் என்றால் நட்சத்திரம், நொய்டா என்றால் புள்ளி. கொல்கத்தாவில் குறியே போடுவதில்லை. கோடிக்கணக்கான காசு அப்படித்தான் இருக்கிறது. 2012 ஆண்டு போட்ட வைஷ்ணவ தேவி நாணயத்தையும் உங்கள் கட்டுரை இந்தப் பட்டியலில் சேர்த்திருந்தது. அது நினைவு வெளியீடு, பிழைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும், இயந்திரக் காசுக்குச் சொன்ன இந்த அளவுகோல் கையால் அடித்த காசுக்குப் பொருந்தாது. நம் ஊரிலேயே அடித்த காசுகள் இருக்கின்றன. பிரெஞ்சுக்காரர்களுக்கு 1736ல் ரூபாய் அடிக்கும் உரிமை கிடைத்து, பிறைக் குறி போட்ட ஆற்காட்டு ரூபாய்கள் புதுச்சேரியில் அச்சாயின. செம்பில் டூடூ காசு இருந்தது, ஒரு பக்கம் லில்லிப் பூ, மறுபக்கம் தமிழில் புதுச்சேரி என்ற பெயர். வடிவம் ஓரமாக விழுந்து எழுத்தில் பாதி வெளியே போன டூடூக்கள் நிறைய உண்டு. கையில் பிடித்த அச்சின் மேல் சுத்தியல் விழுந்தால் அப்படித்தான் வரும், அந்தக் காலத்தில் அது சாதாரணம். அதைக் காட்டி, ஓரமாக அச்சான அரிய பிழை என்று கூடுதல் விலை கேட்பவரிடம் வாங்காதீர்கள். அதே ஓரம் விலகல் இன்றைய இரண்டு ரூபாய் நாணயத்தில் இருந்து, வெறுமையான பகுதி வழவழப்பாக, முழுத் தடிமனோடு இருந்தால் அது நின்று பார்க்க வேண்டிய பொருள்.

அப்பாவின் ஓட்டைக் காலணாக்களும் இப்படித்தான். 1943 முதல் 1947 வரை அடித்த அந்தக் காசில் ஓட்டை நாணயச்சாலையே போட்டது, ஆகவே ஓட்டை பிழை ஆகாது. ஓட்டை மையத்தை விட்டு விலகி விழுந்திருந்தால் அது பிழை. ஓட்டையே இல்லாத வேறு காசில் குழந்தையின் அரைஞாணில் கோக்கத் துளை போட்டிருந்தால் அது சேதம்தான். துளையின் ஒரு பக்கம் உலோகம் பிதுங்கி நிற்பதைப் பார்த்தால் போதும்.

பையனாவது ஒரு காசைக் கையில் வாங்கினான். முத்தியால்பேட்டையில் பூக்கட்டி விற்கும் ஓர் அம்மா, பழைய காசுக்கு லட்சம் தருவதாகத் தொலைபேசியில் பேசிய ஆளை நம்பிப் பதிவுக் கட்டணம் என்றும் வரி என்றும் தவணையாகப் பணம் அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்பதில் தனக்குத் தொடர்பில்லை, அதற்காகக் கட்டணமோ கமிஷனோ தான் கேட்பதே இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட் 4 அன்று எச்சரித்தது. அந்த எச்சரிக்கை அவர் கண்ணில் படவில்லை, லட்ச ரூபாய்ச் செய்தி மட்டும் பட்டிருக்கிறது. இன்னொரு கெடுதலும் நடக்கிறது. நல்ல காசுகளைப் பிழையாக்குகிறேன் என்று சிலர் வெட்டியும் தட்டியும் நாசம் செய்கிறார்கள். நாணயத்தை உருக்குவதையும் அழிப்பதையும் 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டம் தடை செய்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், ஒரு தொழிலாளி துல்லியமாகச் செய்து அனுப்பிய பொருளை அரத்தால் ராவிக் கெடுப்பதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது.

ஆகவே ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள். பிழை நாணயம் என்று எதையாவது வெளியிடும்போது இரண்டு பக்கத்தோடு விளிம்பின் படத்தையும் போடுங்கள், எடையைக் கிராமில் எழுதுங்கள், எந்த இடத்தில் இயந்திரம் தவறியது என்பதை விளக்கச் சொல்லுங்கள். விளக்க முடியாதவர் சொல்லும் விலையை அச்சிடாதீர்கள். செயின்ட் லூயி வீதியில் அருங்காட்சியகம் இருக்கிறது, பழைய காசுகளைக் கையாண்டவர்கள் ஊரில் இருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள். அந்த ஐந்து ரூபாய் நாணயம் உங்கள் அலுவலகத்தில் இருந்தால் நிருபர் யாரையாவது அதோடு அனுப்புங்கள். லூப்பும், அளவு பார்க்கும் வெர்னியரும் என் மேசையில் இருக்கின்றன, பத்து நிமிடத்தில் காட்டிவிடுகிறேன். பார்த்து முடித்ததும் ஒரு திருத்தம் போடுங்கள். அந்தப் படம் வந்த அதே இணைப்பில், அதே அளவில் வரட்டும். சந்தையில் நறுக்கை மடித்து வைத்திருப்பவர்களிடம் வாங்கப்போகிறவர்கள் அதையும் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டை ஃபிட்டர்,
முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.